அம்பை ஆற்றங்கரையில் காலைப் பறவை பார்த்தல்: சத்தம் கேட்கிறது, பறவை தெரியவில்லை!

மருதநிழல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் இருந்தவரை எனக்குப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம்தான் பழக்கம். அங்கே சாலையோரம் நின்றாலே போதும். பூநாரையோ நீலத் தாழைக்கோழியோ, எதுவானாலும் வெட்டவெளியில் நிற்கும். இப்போது வீட்டிலிருந்தே வேலை என்பதால் அம்மாவோடு அம்பாசமுத்திரம் வந்துவிட்டேன். தாமிரபரணி கூப்பிடு தூரத்தில். அப்படியிருந்தும் ஒரு பறவையை ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை.

போன ஞாயிறு விடியற்காலையில் காசிபநாதர் கோயில் படித்துறைக்குப் போய், அங்கிருந்து கரையோரமாகவே நடந்தேன். மருதமரம் ஒவ்வொன்றும் நாலு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத பருமன். மேலே ஒரே இரைச்சல், நிமிர்ந்தால் இலைதான். எதிர்க்கரையில் ஏதேதோ பறந்தது, சூரியன் கண்ணில் அடித்ததில் எல்லாமே கறுப்பு நிழல். மார்கழி என்பதால் கோயில் ஒலிபெருக்கி வேறு.

கேட்க நினைப்பவை இவை. எங்கே நிற்பது, எப்போது போவது? ஆள் சிரிப்பது போலக் கடகடவென்று ஒரு குரல் ஆற்றின் மேலேயே போனது, நீல நிறம் மின்னியது. வெண்மார்பு மீன்கொத்திதானா? குரல் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி வேறொரு குரலை ஆறுமணிக்குருவி என்று காட்டியது, நம்பலாமா? ஒரு மருதில் இருபது காக்கை சேர்ந்து கத்தித் தீர்த்தன, அதில் என்ன இருந்திருக்கும்? கடைசியாக, தனியாகப் போகிற பெண்ணுக்கு அந்தக் கரை சரிப்படுமா?

---

கன்னடியன்மடை எழுதியது:

தங்கச்சி, நான் கல்லிடைக்குறிச்சி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல். பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் பார்க்க இருட்டோடு கிளம்புகிறவன் நான், பறவை போகிற வழியில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

முதலில் கரையை மாற்றுங்கள். ஆறு இங்கே ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அம்பை வடகரை, நாங்கள் தென்கரை. மார்கழி, தை மாதங்களில் சூரியன் நேர்கிழக்கில் எழாது, தெற்கே ஒதுங்கித்தான் எழும். நீங்கள் வடகரையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தால் வெயில் முகத்தில் அடிக்காமல் என்ன செய்யும்? பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, மேற்கே பாபநாசம் திசையைப் பார்த்து உட்காருங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், வடகரை மருது முழுக்க விளக்குப் போட்ட மாதிரி தெரியும். ஆனி, ஆடியில் கணக்கு மாறும். அப்போது உங்கள் கரை நல்லது. படித்துறையை விட்டு அரை மைல் தள்ளி வந்தால் ஒலிபெருக்கியும் பாதியாகக் குறையும்.

அப்புறம், நடக்காதீர்கள். பள்ளிக்கரணையில் பறவை தூரத்தில் இருக்கும், நடந்தால் நமக்கு லாபம். இங்கே பறவை தலைக்கு மேலே இருக்கிறது. நாம் சருகை மிதிக்கிற சத்தத்தில் நமக்கு முன்னால் அது நகர்ந்துவிடும். ஒரு மருது அடியில் முதுகைச் சாய்த்து அரை மணி நேரம் சும்மா இருந்தால், நீங்கள் வந்ததையே அவை மறந்துவிடும். உட்காரும் இடம் முக்கியம். ஒரு பக்கம் திறந்த தண்ணீர், ஒரு பக்கம் அடர்ந்த மரம், காலடியில் கொஞ்சம் மணல்திட்டு: இந்த மூன்றும் சேர்கிற மூலையைத் தேடுங்கள். பழுத்த அத்தி ஒன்று பக்கத்தில் இருந்தால் வேறெங்கும் போகவே வேண்டாம். குக்குறுவான், குயில், மாங்குயில், பச்சைப்புறா எல்லாம் அங்கேயே வந்து இறங்கும். சாம்பல் இருவாச்சிக்கும் அத்திப்பழம் என்றால் உயிர்.

நேரம் சொல்கிறேன். ஜனவரியில் இங்கே சூரிய உதயம் 6.40 வாக்கில். நீங்கள் ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும், ஏனென்றால் முதல் அரை மணி காதுக்கானது. இருட்டு விலகுமுன் “வாக்... வாக்...” என்று தலைக்கு மேல் போவது வக்கா, இராக்கொக்கு. இரவெல்லாம் மேய்ந்துவிட்டு மரத்துக்குத் திரும்புகிறது. புதருக்குள் அடித்தொண்டையில் “ஊப் ஊப்” என்பது செண்பகம். பிறகு தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் பஞ்சாயத்து தொடங்கும், அது ஓயாது. ஊசியால் குத்துவது போல “டக்... டக்...” என்று புதரடியில் விடாமல் கேட்டால் அது பிளித் நாணல் கதிர்க்குருவி. குளிர்காலம் முழுக்க நம் ஊரின் எல்லாப் புதரிலும் இருக்கும், வடக்கேயிருந்து வந்தது. பார்க்கக் கிடைப்பதுதான் அபூர்வம். அதைத் தேடி நேரத்தை விடாதீர்கள், குரலைப் பழகிக்கொண்டால் போதும்.

வெயில் முதலில் படுவது மருதின் உச்சியில். அங்கேதான் பூச்சி முதலில் அசையும், சின்னப் பறவைகளும் அங்கேதான் கூடும். இலைக் கதிர்க்குருவி, மின்சிட்டு, கரிச்சான் எல்லாம் ஒரே கூட்டமாக ஒரு மரத்துக்கு வந்து, பத்து நிமிடம் அலசிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிட்டால் மரம் காலியாகக் கிடக்கும், “இங்கே ஒன்றுமே இல்லையே” என்று தோன்றும். வெயில் இறங்க இறங்க நம் கண்ணும் இறங்க வேண்டும். நடுக்கிளையில் அரசவால் ஈப்பிடிப்பான், அடியில் சருகுக்குள் செந்தலைப் பூங்குருவி. ஒன்பது மணிக்கு மேல் பஸ் சத்தம், துணி துவைக்கிற சத்தம், குளிக்க வருகிற கூட்டம். கிளம்பி வந்து இட்லி சாப்பிடலாம்.

உங்கள் சிரிப்புக் குரல் பெரும்பாலும் பெரிய அலகு மீன்கொத்தி. வெண்மார்பானும் உரக்கக் கத்தும். ஆனால் அது பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத்திட்டு பளிச்சென்று தெரியும், பெரியவனுக்கு அது கிடையாது. உட்கார்ந்திருந்தால் குழப்பமே இல்லை. வெண்மார்பானுக்குக் காப்பிக்கொட்டை நிறத் தலை, வெள்ளை மார்பு. பெரியவனுக்குத் தலை மங்கின பழுப்பு, உடம்பு காவி, அலகு உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய சிவப்பு அலகு. வெண்மார்பானை வயலிலும் மின்கம்பியிலும் பார்க்கலாம். இவன் மரநிழல் விழுகிற தண்ணீரை விட்டு வரவே மாட்டான்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கம் கரை அரித்துப் பல மருதுக்கு வேர் வெளியே தொங்குகிறது. பாபநாசத்தில் முழுகிவிட்டு ஆற்றில் விடுகிற வேட்டியும் சேலையும் அந்த வேர்களில் வந்து சிக்கும். (விட வேண்டாம் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?) அப்படி ஒரு வேட்டி முறுக்கிக்கொண்டு காய்ந்து கிடந்த வேரில் இந்தப் பெரியவன் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். வாயில் ஒரு நண்டு. இடப்பக்கம் ஓர் அடி, வலப்பக்கம் ஓர் அடி என்று வேரில் மாற்றி மாற்றி அடித்தான். நண்டின் கால் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரில் விழுந்தது. விழ விழக் கீழே மீன்குஞ்சுகள் வந்து மொய்த்தன. கால் எல்லாம் போன பிறகு ஓட்டோடு ஒரே விழுங்கு. பிறகு அலகை வேட்டியில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டான். எழுந்து கிட்டே போயிருந்தால் இதில் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

காக்கைக் கூச்சலுக்கு இரண்டு மூன்று காரணம் இருக்கலாம். காக்கைகள் கொஞ்சம் கத்திவிட்டு இடம் மாறி இடம் மாறிப் பறந்தால் வைரி மாதிரி ஏதாவது பருந்தினம். ஒரே கிளையைப் பார்த்து, நகராமல், தொண்டை கட்டுகிற வரை கத்தினால் ஆந்தை. நம் ஆற்றில் அப்படிப் பெரிய மருதில் பகலைக் கழிப்பது பூமன் ஆந்தை என்கிற மீன் பிடிக்கிற ஆந்தை. தண்டை ஒட்டி நிமிர்ந்து உட்காரும், காதுக் கொம்பு பக்கவாட்டில் படுத்திருக்கும், கண் மஞ்சள். கீழ்க்காலில் இறகு இருக்காது, தண்ணீரில் கால் விட்டு மீன் எடுக்கிறவனுக்கு இறகு எதற்கு? கிடைத்தால் எந்த மரம் என்று இணையத்தில் எழுதாதீர்கள். கேமராக்காரர்கள் வந்து கல் விட்டு எழுப்புவார்கள்.

ஆறுமணிக்குருவி விஷயம். செயலி சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐப்பசியில் வடக்கேயிருந்து வந்து சித்திரை வாக்கில் திரும்பும் பறவை அது, அந்தியிலும் சந்தியிலும் இரண்டு சுருதியில் விசில் அடிக்கும். ஆனால் செயலி கேட்டது என்பதற்காகப் பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள். அது பெயர் காட்டிய நொடியில் நம் காதுக்கும் அந்தக் குரல் விழுந்ததா என்று பாருங்கள். தண்ணீர் இரைச்சலிலும் துணி துவைக்கிற சத்தத்திலும் அது தடுமாறும். பாபநாசத்துக்கு மேலே போனால் துடுப்புவால் கரிச்சான் வேறு ஊர்ப் பறவையின் குரலை எல்லாம் பேசிக் காட்டும், பாவம் செயலி என்ன செய்யும்.

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்வதைவிட ஒரு பெண் சொல்வதுதான் முறை.

---

பாளைக்காரி எழுதியது:

அண்ணாச்சி சொன்னதற்கு மேல் பறவை பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. கரை பற்றிச் சொல்கிறேன்.

தனியாகப் போகலாம், நான் போகிறேன். ஆனால் முதல் சில தடவை விடிந்த பிறகு போய் இடத்தைப் பழகுங்கள். எந்தப் படித்துறையில் பெண்கள் குளிக்க வருகிறார்கள், எந்த வளைவில் காலி பாட்டில் கிடக்கிறது என்று பகலில் பார்த்தால்தான் தெரியும். பாட்டில் கிடக்கிற இடத்தில் எவ்வளவு நல்ல மருது இருந்தாலும் எனக்கு வேண்டாம். பெண்கள் படித்துறைக்குப் பத்து இருபது அடி தள்ளி உட்கார்ந்தால் ஆச்சிகள் இரண்டு நாள் விசாரிப்பார்கள், மூன்றாம் நாள் அவர்களே “மேக்கால ஒண்ணு கத்துச்சு, பாத்தியா” என்பார்கள். பைனாகுலரைப் படித்துறைப் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். பெண் என்றாலும் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

மருதவேர் ஈரமாக இருந்தால் கால் வைக்காதீர்கள், பாசி. தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். மேலே மணல் மட்டமாகத் தெரியும், அடுத்த அடியில் மணல் அள்ளின பள்ளம் இருக்கும். அணையில் தண்ணீர் திறந்தால் மணல்திட்டு கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சருகுக்குள் என்ன இருக்கிறது என்று பறவைக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

ஒரு நாள் திருப்புடைமருதூர் போய் வாருங்கள், வீரவநல்லூர் வழியாகப் போகலாம். கடனா நதி தாமிரபரணியில் சேருகிற இடம். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி இருக்கிற மருது, இலுப்பை மரங்களில் சங்குவளை நாரைகள் கூடு கட்டும். ஊர்க்காரர்களே பாதுகாத்து வந்த இடம் அது, 2005இல் ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ என்ற வகைப் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவிலேயே அந்த வகையில் முதலாவது. மொத்தப் பரப்பே 2.84 ஹெக்டேர்தான், ஒரு பெரிய தோப்பு அளவு! கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். எனக்கு என்னவோ இதுதான் பிடிக்கும். கோயில் மதிலோரம் நின்றபடியே கூட்டில் அலகு தட்டுகிற சத்தம் கேட்கலாம். மரத்தடியில் வெள்ளைச் சட்டையோடு நிற்காதீர்கள், அவ்வளவுதான் எச்சரிக்கை.

நம் பக்கம் ஜனவரியில் பொங்கலை ஒட்டித் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 2011 முதல் நடக்கிறது. குளம் குளமாகக் குழு பிரித்துப் போவோம். அதில் சேர்ந்தால் துணைக்கு ஆளும் கிடைக்கும், பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கொடுக்கவும் ஆள் கிடைக்கும்.

---

லென்ஸ்ராஜா எழுதியது:

இவ்வளவு எதற்குங்க? ஆறுமணிக்குருவி குரலை போனில் ஒலிக்கவிட்டால் ரெண்டு நிமிஷத்தில் முன்னால் வந்து நிற்கும். நான் எடுத்த படம் எல்லாம் அப்படித்தான். அரை மணி நேரம் மரத்தடியில் உட்கார யாருக்கு நேரம் இருக்கு?

---

கன்னடியன்மடை எழுதியது:

வரும், இல்லை என்று யார் சொன்னது? தன் இரைக்காட்டில் வேறொருத்தன் புகுந்துவிட்டான் என்று நினைத்துத்தான் வரும். சருகைப் புரட்டிப் புழு பொறுக்குகிற நேரமே அதற்குக் காலையில் கொஞ்சம்தான். அந்த நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையவிடுகிறோம். ஐப்பசியில் அது வந்து சேரும்போது பார்த்திருக்கிறீர்களா? களைத்துப்போய் வீட்டு வராந்தாவில் விழுந்து கிடக்கும், அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்திருந்து சாயங்காலம் விட்டால் போகும். அவ்வளவு தூரம் பறந்து நம் ஊரை நம்பி வந்ததை ஒரு போட்டோவுக்காக ஏமாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. உங்கள் படம் நன்றாகவே இருக்கலாம், அதை மறுக்கவில்லை.

---

லென்ஸ்ராஜா எழுதியது:

சரிங்க அண்ணாச்சி. கூடு கட்டுற சீசனில் நானும் போடுறதில்லை. குளிர்காலத்தில் பரவாயில்லைன்னு நினைச்சேன். இன்னும் முழுசா ஒத்துக்கலை, யோசிக்கிறேன்.

---

மருதநிழல் எழுதியது:

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் நன்றி. இன்று தென்கரைக்கு வந்தேன். பாலத்துக்கு மேற்கே, பெண்கள் துறையை அடுத்த திட்டு. நீங்கள் சொன்ன மூன்றும் அங்கே இருக்கிறது, அத்தி மட்டும் இல்லை. துணைக்கு அம்மா வந்தார், பறவைக்காக இல்லை, அந்தத் துறையில் குளித்து எத்தனையோ வருஷமாயிற்று என்று!

வெயில் முதுகில் இருப்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவில்லை. எதிர்க்கரை மருதில் மாங்குயில் இரண்டு, வெள்ளை வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான் ஒன்று. அந்த வால் அது திரும்பிய பிறகும் ஒரு நொடி தாமதமாகத்தான் திரும்புகிறது. பெரிய அலகு மீன்கொத்தியும் கிடைத்தது. தலைக்கு நேர்மேலே கிளையில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. அது எச்சம் விட்டதும்தான் நிமிர்ந்தேன். இறக்கையில் வெள்ளைத்திட்டு இல்லை, பார்த்துவிட்டேன்.

ஆறுமணிக்குருவி குரல் மட்டும்தான். இந்தத் தடவை செயலியை அணைத்து வைத்திருந்தேன். நாவல்மரப் பக்கமிருந்து இரண்டு சுருதி விசில், ஐந்தாறு தடவை, அப்புறம் நின்றுவிட்டது. காக்கை மரத்தில் இன்று காக்கையே இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஈரப் பாறையில் ஒரு சின்னப் பழுப்புப் பறவை, பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டே நடந்தது. விரட்டினால் தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, இறக்கையை விறைப்பாக வைத்துச் சின்னச் சின்ன அடியாக அடித்துக்கொண்டு போனது. அதே பாறையில் கறுப்பு வெள்ளையாக இன்னொன்று, வால் நீளம், அதுவும் வாலை ஆட்டியது. இரண்டும் ஒரே இனமா, ஆணும் பெண்ணுமா?

---

கன்னடியன்மடை எழுதியது:

இரண்டும் வேறு வேறு, தங்கச்சி. பழுப்பு நிறத்தில் இருந்தது உள்ளான். அந்த விறைத்த இறக்கை ஒன்றே போதும், வேறு அடையாளம் வேண்டாம். குளிர்காலத்துக்கு வந்தது. தோளுக்கு முன்னால் வெள்ளை மேலே ஏறிக் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், அடுத்த தடவை பாருங்கள்.

கறுப்பு வெள்ளை, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு இருந்தால் வெண்புருவ வாலாட்டி. அது நம் ஊர்க்காரன், வருஷம் முழுக்க அந்தப் பாறையிலேயே இருப்பான். அடிவயிறு மஞ்சளாக, உடம்புக்கு வால் நீளமாக ஒன்று அங்கே வரும், அது சாம்பல் வாலாட்டி, வடக்கேயிருந்து வருகிறது. பங்குனிக்குள் பார்த்துவிடுங்கள், பிறகு போய்விடும்.

அத்தி வேண்டுமென்றால் அந்தத் திட்டிலிருந்து இன்னும் மேற்கே கால்வாய்க் கரையோடு வாருங்கள், இரண்டு நிற்கிறது. ஒன்றில் இப்போதுதான் காய் பிடித்திருக்கிறது. பழுத்ததும் இங்கே எழுதுகிறேன், அம்மாவையும் கூட்டி வாருங்கள்.